சொட்டுகிற இடமும் பழுதான இடமும்

செஞ்சியிலிருந்து தேசூர், சீயமங்கலம் பக்கம் பிரியும் ஊர்ச்சாலைகளில் பழைய புல்லட்டுக்கு இன்னும் வேலை இருக்கிறது. சென்னை திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய அந்த வண்டியின் 350 சி.சி. மாடல், 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வரும்வரை கார்புரேட்டரை நம்பியே ஓடியது. வயதான புல்லட்டுகளைப் பற்றி அடிக்கடி வரும் புகார், கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகுகிறது என்பது. பெட்ரோல் டேப்பைத் திறந்து வைத்தால் அடியில் ஈரம், கொட்டகைக்குள் வாடை, காலையில் தரையில் கறை. இதற்கு வழக்கமாக நடக்கும் வைத்தியத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பேக்கிங்கை மாற்றுவார்கள். நிற்காவிட்டால் ஊசியை மாற்றுவார்கள். அதற்கும் நிற்காவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ ஆள் அனுப்பி, முழு கார்புரேட்டரையே வாங்கிவந்து மாட்டுவார்கள். மூன்றும் செய்த பிறகும் ஒழுகும் வண்டிகள் உண்டு. காரணம் உதிரிபாகத்தின் தரத்தில் மட்டும் இல்லை. சொட்டுகிற இடத்தையே பழுதான இடமென்று எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறு தொடங்குகிறது. கார்புரேட்டரின் அமைப்பே அந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது என்பதும், காசு செலவில்லாத சில சோதனைகளை ஒழுங்காகச் செய்தால் பழுது எங்கே என்று உறுதியாகச் சொல்லிவிடலாம் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

அமைப்பைப் பார்ப்போம். எஞ்சின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகலான வழியில் விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே இழுத்துத் தூவலாக மாற்றுகிறது. பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த விகிதம் நிலையாக இருக்க வேண்டுமானால், ஜெட்டுக்குக் கீழே நிற்கும் பெட்ரோலின் மட்டமும் நிலையாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் மிதவைக் கிண்ணம். ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் 1893-இல் உருவாக்கிய தூவல் கார்புரேட்டரிலேயே மிதவை உண்டு. பழைய புல்லட்டின் அமால் மோனோபிளாக்கிலும், பின்னாளில் ஜப்பானின் மிக்குனி நுட்பத்தில் இங்கே தயாரான மிக்கார்பிலும் அடிப்படை அதுவேதான். கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற மிதவை உயர்ந்து, ஒரு சிறு ஊசியைப் பித்தளை இருக்கையில் அழுத்தி வரத்தை அடைக்கிறது. மட்டம் இறங்கினால் மிதவை தாழ்ந்து ஊசி விலகுகிறது. ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் நீண்ட ஜெட் ஊசி வேறு, இது வேறு. இந்த ஊசி அடைக்கத் தவறினால் மட்டம் எல்லை மீறும், மிகையான பெட்ரோல் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வெளியேறும். ஏரிப்பாசன வட்டாரத்துக்கு இது பழகிய ஏற்பாடு. கலங்கலில் தண்ணீர் வழிந்தால் கலங்கல் உடைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. வரத்து அடங்கவில்லை என்றுதான் சொல்வோம். ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டும் பெட்ரோலையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

அந்த ஊசி எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால் பல ஊகங்கள் அடிபட்டுப்போகும். டேங்கில் உள்ள பெட்ரோலின் மேல்மட்டம் ஊசிக்கு 30 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோலின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 0.74 கிராம். எனவே ஊசியின் மேலுள்ள அழுத்தம் சதுர செ.மீ.க்குச் சுமார் 22 கிராம். இருக்கையின் துளை 2 மி.மீ. விட்டம் கொண்டதென்றால், ஊசியைக் கீழே தள்ளும் விசை வெறும் 0.7 கிராம். மிதவையின் மிதப்பு விசை சில கிராம்கள். நெம்புகோல் அமைப்பு அதை மேலும் பெருக்கித் தருகிறது. ஆகவே டேங்க் நிறைந்து பாரம் கூடியதால்தான் ஒழுகுகிறது என்ற விளக்கம் எடுபடாது. உயரம் இன்னும் 10 செ.மீ. கூடினாலும் விசை ஒரு கிராமைத் தொடாது. ஊசி தோற்பது பாரத்தால் இல்லை, பரப்பால். இருக்கைக்கும் ஊசி முனைக்கும் நடுவே முடியின் தடிமனில் ஒரு துரும்பு சிக்கினாலே போதும், நிமிடத்துக்குப் பல மி.லி. பெட்ரோல் உள்ளே இறங்க இடம் கிடைத்துவிடும். முனையைச் சுற்றி நகக்கண்ணில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு வளையத் தடம் விழுந்திருந்தாலும் விளைவு அதுவே.

இந்த அறிவோடு வண்டிக்கு வருவோம். முதல் வேலை ஈரம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது. பெட்ரோலின் பரப்பு இழுவிசை தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அது உலோகத்தில் முத்தாகத் திரண்டு நிற்காது. மெல்லிய படலமாகப் பரவி, திருகுகளையும் விளிம்புகளையும் பிடித்துக்கொண்டு இறங்கி, எது எல்லாவற்றிலும் தாழ்வான முனையோ அங்கே சொட்டும். டேப்பின் தண்டில் கசிந்தது ஓஸ் வழியாக வழிந்து கிண்ணத்தின் அடியில் சொட்டுவது சாதாரணம். அதனால் டேப்பை மூடி, கார்புரேட்டரையும் ஓஸையும் டேப்பையும் நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சாக்பீஸ் தூளையோ டால்கம் பவுடரையோ மெல்லத் தூவ வேண்டும். பிறகு டேப்பைத் திறந்தால், வெள்ளைப் பரப்பில் முதலில் கறுக்கும் புள்ளியே ஊற்று. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்க வேண்டும். மைனஸ் 40 டிகிரியிலும் பற்றக்கூடிய ஆவியை வெளியிடும் திரவம் இது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படர்ந்து வெகுதூரம் போகும்.

அடுத்த கேள்வி, டேப்பை மூடினால் ஒழுகல் நிற்கிறதா என்பது. மூடியும் ஈரம் தொடர்ந்தால் டேப்புக்குள் இருக்கும் கார்க்கோ ரப்பரோ அடைக்கவில்லை. ஓஸை கார்புரேட்டரிலிருந்து கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, டேப் மூடிய நிலையில் சில மணி நேரம் வைத்தால் ஐயம் தீரும். டேப் ஒழுகினாலும் கார்புரேட்டர் ஒழுகக்கூடாது என்பதை இங்கே மறக்கக் கூடாது. ஊசி சரியாக இருந்தால் டேப் திறந்தே கிடந்தாலும் கிண்ணம் வழியாது. எனவே டேப்பை மூடிவைத்தும் காலையில் தரையில் கறை இருந்தால் பெரும்பாலும் இரண்டு பழுதுகள் கூடியிருக்கின்றன. டேப்பை மட்டும் மாற்றினால் கறை போய்விடும், ஊசியின் கோளாறு மறைந்து நிற்கும். ஒன்றைச் சரிசெய்து மற்றொன்றை மறைப்பதுதான் பழைய வண்டிகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

இப்போது தீர்மானமான சோதனை. கிண்ணத்தின் அடியில் உள்ள மறையைக் கழற்றி, அதே மறை கொண்ட ஒரு நிப்பிளைப் பொருத்தி, அதில் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, கார்புரேட்டரின் பக்கவாட்டில் மேல்நோக்கிப் பிடிக்க வேண்டும். இணைந்த கலங்களில் திரவம் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பது பள்ளிப் பாடம். ஆகவே உள்ளே கண்ணுக்குத் தெரியாத மட்டம் குழாயில் வெளிப்படையாகத் தெரிந்துவிடும். வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்க, டேப்பைத் திறந்து பார்க்க வேண்டும். சரியான மட்டம் மாடலுக்கு மாடல் மாறும். மிக்கார்ப் போன்ற வகையில் அது பெரும்பாலும் கிண்ணம் உடலோடு சேரும் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும். மட்டம் அங்கேயே நின்று, ஆனாலும் ஓவர்ஃப்ளோவில் சொட்டினால் ஊசியும் மிதவையும் குற்றமற்றவை. கிண்ணத்துக்குள் நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய் விரிசல் விட்டிருக்கிறது அல்லது அடியில் தளர்ந்திருக்கிறது. கிண்ணத்தை மட்டும் கழற்றிப் பெட்ரோல் ஊற்றி வைத்தால் அது உடனே தெரியும். மட்டம் சரியாக இருந்தும் விளிம்பில் ஈரம் என்றால் பேக்கிங்கையோ, இறுக்கி இறுக்கி வளைந்துபோன விளிம்பையோ சந்தேகிக்கலாம். மட்டம் விளிம்பையும் தாண்டி ஏறினால் பேக்கிங் புதிதாக இருந்தாலும் கசியும். பேக்கிங்கை மாற்றியும் ஒழுகல் நிற்காத வண்டிகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். ஒரே இடத்து ஈரத்துக்கு இரண்டு நேரெதிர்க் காரணங்கள் இருக்க, அவற்றைப் பிரித்துக்காட்டுவது ஒரு முழம் குழாய்.

மட்டம் உயர்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கார்புரேட்டரைத் திறக்க வேண்டும். இங்கே சந்தேகத்துக்குரியவை நான்கு. பித்தளை மிதவை என்றால் முதலில் காதருகே வைத்துக் குலுக்க வேண்டும். உள்ளே பெட்ரோல் அலம்பினால் ஓட்டை உறுதி. இல்லாவிட்டாலும் வெந்நீரில் அமுக்கிப் பார்க்கலாம், உள்காற்று விரிந்து குமிழி வரும் இடமே ஓட்டை. அடுத்து மிதவையின் அச்சாணி. தேய்ந்து ஆடினால் மிதவை கிண்ணச் சுவரில் உரசி நின்றுவிடும். மூன்றாவது, ஊசியைத் தாங்கும் சிறு தகட்டு நாக்கு. அது அரை மி.மீ. வளைந்திருந்தாலும் மட்டம் அதைவிட அதிகமாக மாறும். சைடு ஸ்டாண்டில் சாய்த்தால் ஒழுகி, நேராக நிறுத்தினால் ஒழுகாத வண்டியில் மட்டம் எல்லையை ஒட்டி நிற்கிறது என்று பொருள். அங்கே முதலில் பார்க்க வேண்டியது இந்த நாக்கைத்தான். கடைசியாக ஊசியும் இருக்கையும். கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவையின் எடையே ஊசியை அழுத்தும். வரத்து முனையில் குழாய் மாட்டி, 30 செ.மீ. உயரத்துக்கு மண்ணெண்ணெய் நிரப்பிப் பிடித்தால், டேங்க் தரும் அழுத்தத்தைக் கிட்டத்தட்ட அப்படியே மேசைமேல் கொண்டுவந்துவிடலாம். சில நிமிடங்களில் அந்தத் தம்பம் இறங்கினால் ஊசி அடைக்கவில்லை.

ஒழுகும் வேளையும் ஒரு சான்று. ஓடும்போது ஒழுகவில்லை, நிறுத்தினால்தான் ஒழுகுகிறது என்று பலர் குழம்புகிறார்கள். லிட்டருக்கு 35 கி.மீ. தரும் வண்டி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போனால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 24 மி.லி. பெட்ரோலைக் குடிக்கிறது. ஊசி நிமிடத்துக்கு 10 மி.லி. விட்டுக்கொடுத்தாலும் எஞ்சின் அதைக் குடித்துவிடும், கிண்ணம் நிறையவே நிறையாது. வண்டி நின்றதும் அந்த 10 மி.லி.க்குப் போக்கிடம் இல்லாமல் வெளியே வருகிறது. எனவே நின்றால் மட்டும் ஒழுகுவது தனி நோய் இல்லை, சிறிய கசிவின் இயல்பான முகம். வெயிலில் நிறுத்தினால் மட்டும் ஒழுகும் வண்டியின் கதை வேறு. அங்கே டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். மூடிய டேங்கில் 30 டிகிரியில் இருந்த காற்று 45 டிகிரிக்குச் சூடேறினால் அதன் அழுத்தம் 5 சதவீதம் கூடும். அது சதுர செ.மீ.க்குச் சுமார் 50 கிராம், அதாவது 30 செ.மீ. பெட்ரோல் தம்பத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பெட்ரோல் ஆவியின் அழுத்தம் இதற்கும் மேலே சேரும். அப்போது நல்ல ஊசியும் பின்வாங்கலாம். வண்டி ஆறியபின் மூடியைத் திறந்ததும் சொட்டு அடங்கினால், கார்புரேட்டரைத் தொடாமல் மூடியைச் சுத்தம் செய்தாலே போதும்.

அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு இத்தனை சோதனை எதற்கு, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் கிண்ணத்தை இரண்டு தட்டுத் தட்டினால் ஒழுகல் நிற்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தட்டே ஒரு சோதனைதான். தட்டியதும் நின்றால் ஊசி தேயவில்லை, சிக்கியிருந்தது அல்லது துரும்பு நகர்ந்தது என்று அது சொல்கிறது. தட்டியும் நிற்காவிட்டால் தேய்மானத்தின் பக்கம் சந்தேகம் சாய்கிறது. தட்டுவதில் தவறில்லை, தட்டியதோடு நிறுத்திக்கொள்வதில்தான் தவறு. துரும்பு டேங்கின் துருவிலிருந்தோ உள்ளே உதிரும் ஓஸிலிருந்தோ வந்தது. அங்கே வடிகட்டியைப் பார்க்காவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு துரும்பு வரும். எது முதலில் சந்தேகத்துக்குரியது என்று மெக்கானிக்கின் அனுபவம் சொல்லும். அந்தச் சந்தேகத்தை உறுதியாக்குவதோ தள்ளுவதோ சோதனையின் வேலை. இரண்டும் எதிரிகள் இல்லை.

இப்போது அதிகம் கேட்கும் வாதம், எல்லாவற்றுக்கும் எத்தனால்தான் காரணம் என்பது. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் திட்டம் 2023-இல் பெட்ரோல் பங்க்குகளில் தொடங்கி 2025-இல் நாடு தழுவிய நிலையை எட்டியது. புல்லட் கார்புரேட்டரில் அது செய்யும் வேலையை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடர்த்தி முதலாவது. எத்தனால் பெட்ரோலைவிடச் சற்றுக் கனமானது, அதனால் கலவையில் மிதவை துளி கூடுதலாக மிதக்கும், மட்டம் மயிரிழை குறையும். இந்த வழியில் எத்தனால் ஒழுகலை உண்டாக்காது. இரண்டாவது ரப்பர். எத்தனாலுக்காகத் தயாராகாத பழைய ரப்பர் வளையங்களும் ஓஸும் ஊறிப் பருக்கவோ பிசுபிசுக்கவோ செய்யும், காய்ந்ததும் சுருங்கும். டேப்பும் முனை ரப்பரான ஊசியும் இதனால் உண்மையாகவே கெடும். மூன்றாவது அழுக்கு. எத்தனால் டேங்கில் படிந்த பழைய பிசினைக் கரைத்து இறக்கும். ஈரத்தையும் இழுக்கும், அது மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் தனியடுக்காக அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும். ஆகவே எத்தனாலுக்குப் பங்கு உண்டு, ஆனால் அது குறிப்பிட்ட உறுப்புகளின் வழியாகவே வருகிறது. பழியை எத்தனால்மேல் போட்டுவிட்டாலும் எந்த உறுப்பு கெட்டது என்ற கேள்வி அப்படியே நிற்கும். வளைந்த நாக்குக்கும் விரிசல் விட்ட ஓவர்ஃப்ளோ குழாய்க்கும் எத்தனாலோடு தொடர்பே இல்லை.

புதிய கார்புரேட்டரே மாட்டிவிடலாமே என்பது இன்னொரு வாதம். பழையதன் உடல் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் அது சரி. ஆனால் டேங்க் துருவும் அடைபட்ட மூடியும் பழைய வண்டியிலேயே இருக்கும்போது புதியதும் விரைவில் அதே வழியில் போகும். சந்தையில் கிடைக்கும் நகல்களில் ஜெட் அளவும் மிதவை மட்டமும் அசலோடு ஒத்துப்போகும் என்று உறுதி இல்லை, அவற்றையும் அளக்கத்தான் வேண்டும். அளக்கத் தெரிந்தவருக்கோ பெரும்பாலும் பழையதே போதும். இதைவிடக் கெடுதல், தேய்ந்த ஊசியை வால்வு கிரைண்டிங் பேஸ்ட் வைத்து இருக்கையில் தேய்ப்பது. அந்தப் பசையின் துகள்கள் மென்மையான பித்தளையில் பதிந்து, இருக்கையை நிரந்தரமாகக் கெடுக்கும். பஞ்சு முனையில் உலோகப் பாலிஷ் தொட்டு மெல்லத் துடைப்பதே எல்லை. அதற்கும் அடங்காவிட்டால் ஊசியோடு இருக்கையையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

சொட்டுத்தானே, போகட்டும் என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. பெட்ரோல் துளி சிறியது, ஒரு மி.லி.க்கு ஏறக்குறைய 50 துளிகள். நொடிக்கு ஒரு துளி சொட்டினாலும் ஒரு நாளைக்கு 1.7 லிட்டர் போய்விடும். நெருப்பு அபாயம் சொல்லவே வேண்டாம். அதைவிடக் கவனத்துக்கு வராதது உள்பக்க ஒழுகல். ஓவர்ஃப்ளோ குழாய் அடைபட்டிருந்தால், மிகையான பெட்ரோல் ஜெட் வழியாகக் காற்று வழிக்குள் ஏறி எஞ்சினுக்குள் இறங்கக்கூடும். அங்கிருந்து பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து ஆயிலில் கலக்கும். ஆயில் மட்டம் தானாகக் கூடி, பெட்ரோல் வாடையோடு தண்ணீர்போல் இளகியிருந்தால் அதுவே அடையாளம். பேரிங்குகளை அந்த ஆயில் காக்காது. சிலிண்டரில் திரவம் நிறைந்திருக்கும்போது கிக்கரை ஓங்கி மிதித்தால், அமுங்காத திரவத்தில் பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளையவும் கூடும். வெளியே சொட்டும் வண்டி எச்சரிக்கிறது. உள்ளே இறங்கும் வண்டி எச்சரிக்காது. அதனால் அடியில் சொட்டு நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்துப் பழுது தீர்ந்தது என்று முடிவுகட்டக் கூடாது. ஓவர்ஃப்ளோ குழாயின் வாயை அடைத்தாலும் சொட்டு நிற்கும்.

பழுது தீர்ந்ததற்குச் சான்று வேறு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிய பின் அதே பிளாஸ்டிக் குழாயை மாட்டி, டேப்பைத் திறந்து, அரைமணி நேரம் பக்கத்திலேயே இருந்து மட்டத்தைப் பார்க்க வேண்டும். முதல் நிமிடத்தில் நின்ற இடத்திலேயே அது கடைசிவரை நின்றால் ஊசி அடைக்கிறது. மெல்ல ஏறிக்கொண்டே போனால் இன்னும் அடைக்கவில்லை, வெளியே ஒரு துளி சொட்டாவிட்டாலும்கூட. அந்த மட்டத்தைக் கிண்ணத்தின்மேல் ஒரு கோடாகக் குறித்து வைத்தால் அடுத்த முறை வண்டியைத் திறக்கும் எவருக்கும் அது அளவுகோலாகும். திருவொற்றியூர் கார்புரேட்டர் வண்டிகளின் தயாரிப்பு முடிந்துவிட்டது. இருப்பவற்றின் இருக்கைகளும் மிதவைகளும் இனி குறைந்துகொண்டேதான் போகும். ஊகத்தால் கழற்றி எறியும் ஒவ்வொரு நல்ல உறுப்பும் அந்தக் கையிருப்பில் ஒரு நட்டம். அளந்து பார்த்து, கெட்டதை மட்டும் மாற்றுகிற பழக்கம்தான் சீயமங்கலத்துச் சாலையில் ஒரு புல்லட்டை அடுத்த தலைமுறைக்கும் ஓடவைக்கும்.